தலை மாறினால் சவரன் மாறுமா?

"எலிசபெத் ராணி போயிட்டாங்க, இனி அவங்க தலை போட்டுக் காசு அடிக்க மாட்டாங்க, வாங்கிப் போடுங்க" என்று பிரிட்டிஷ் சவரன் என்னும் தங்கக் காசைத் தங்க விலைக்கு வெகு மேலே வைத்து விற்கிறார்கள். வாங்கியவர்கள் மதிப்புப் பார்க்க என்னிடம் கொண்டுவருவதும் நிற்கவில்லை.

தலை எதுவானாலும் முழுச் சவரன் 22 காரட், எடை 7.988 கிராம், அதில் சுத்தத் தங்கம் 7.32 கிராம். விக்டோரியா காசும் சார்லஸ் காசும் இதில் ஒன்றுதான். நம் கடைகள் சொல்லும் 8 கிராம் சவரன் இதை முழுமையாக்கிய கணக்கு. ராஜா மாறியதால் பழைய காசு செல்லாமல் போவதில்லை, அபூர்வமாகிவிடுவதும் இல்லை. எலிசபெத் தலையோடு 1957 முதல் 2022 வரை கோடிக்கணக்கில் அடித்திருக்கிறார்கள். அந்தத் தலையே பல முறை மாறியது. எத்தனை அடித்தார்கள், காசு அடித்த அக்கசாலை எது, எவ்வளவு தேய்மானம்: கூடுதல் விலை இவற்றுக்குத்தான். 1937-இன் ஆறாம் ஜார்ஜ் சவரன் சுமார் 5,500தான், அதற்குக் கொடுக்கலாம். 1966-இன் ராணிக்கு எதற்கு?

தலையைப் பார்ப்பது வேறொன்றுக்கு உதவும். ராணி வலப்பக்கம் பார்ப்பார், சார்லஸ் இடப்பக்கம். 1960, 1961, 1969 முதல் 1973, 1975, 1977 ஆகிய ஆண்டுகள் போட்டு ராணி சவரன் வந்தால் கையில் வாங்காதீர்கள். அந்த ஆண்டுகளில் அடிக்கவே இல்லை. 2022 காசின் பின்பக்கம் வழக்கமான குதிரைவீரன் இல்லாமல் அரச சின்னம் இருந்தால் பதற வேண்டாம், அது சரியே. ஆனால் ராணி நினைவாக அதே ஆண்டில் வந்த காசின் முன்பக்கம் இருப்பது சார்லஸ். "கடைசி ராணி தலை" என்று அதை விற்பவரிடம் காசின் முன்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

உரைத்துப் பார்த்தேன் என்று சொல்லாதீர்கள். 1950, 60களில் பெய்ரூட்டில் அடித்த போலிகளில் பல நல்ல தங்கமே. உரைகல் என்ன சொல்லும்? வெர்னியர் அளவுகோலில் குறுக்களவு 22.05 மி.மீ., தடிமன் 1.52 மி.மீ. ஒட்டி வர வேண்டும். பிறகு பத்து மடங்கு லென்ஸில் குதிரையின் வாலையும் கடிவாளத்தையும் பாருங்கள். கோடுகள் சோப்பு கரைந்தாற்போல் மழுங்கியிருந்தாலோ, பரப்பில் சிறு குமிழ்கள் தெரிந்தாலோ ஒதுக்கிவிடுங்கள். விளிம்பு வரிகள் சீராக இருக்கிறதா என்பதையும் சுற்றிப் பாருங்கள்.

தயவுசெய்து புளி, சோடா உப்பு போட்டுத் தேய்க்காதீர்கள். பற்றாசுப் பொடி வைத்து ஊதித் தொங்கவிடும் வளையம் ஒட்டாதீர்கள். அதன்பின் சேகரிப்பவர் வாங்க மாட்டார், உருக்கும் தங்கத்தின் விலைதான் கிடைக்கும்.