வளர்ச்சி ஹார்மோன் ஊசி: மீதி ஒரு சதவீதத்தில் என்ன இருக்கிறது?

"இது மனுஷ உடம்புல இருந்து எடுக்கற மருந்தாமே, நிஜமா?" பிள்ளைக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி எழுதிக் கொடுத்ததும், வேலூருக்கு வரும் பெற்றோரில் பலர் கேட்கும் கேள்வி இது. முன்பு அப்படித்தான் எடுத்தார்கள், இப்போது இல்லை. ஏன் நிறுத்தினார்கள் என்று தெரிந்தால், இன்று கையில் வாங்கும் குப்பியை எப்படிக் காக்க வேண்டும் என்பதும் புரியும்.

சர்க்கரை நோய்க்கு மாட்டின் இன்சுலினும் பன்றியின் இன்சுலினும் மனிதருக்குப் பயன்பட்டன. வளர்ச்சி ஹார்மோனில் அது நடக்கவில்லை. மாட்டின் ஹார்மோனை மனித உடல் கண்டுகொள்ளவே இல்லை. அதனால் பிரேதப் பரிசோதனையின்போது, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியை எடுத்துச் சேர்த்தார்கள். பட்டாணி அளவு, எடை சுமார் அரை கிராம். அதை அசிட்டோனில் போட்டு நீரையும் கொழுப்பையும் நீக்கிப் பொடியாக்குவார்கள். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் மருத்துவ ஆய்வாளர் மாரிஸ் ரேபன் கையாண்ட முறையில், அந்தப் பொடியைச் சூடான அடர் அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, பிறகு ஹார்மோனைப் படிய வைத்துப் பிரித்தார்கள். ஒரு சுரப்பியில் கிடைப்பது சில மில்லிகிராம்தான். ஒரு குழந்தைக்கே ஆண்டுக்குப் பல பத்துச் சுரப்பிகள் தேவைப்பட்டதால், ஆயிரக்கணக்கானவற்றை ஒரே தொட்டியில் கலந்துதான் ஒரு தொகுதி மருந்து செய்தார்கள்.

வினை அங்கேதான் இருந்தது. இறந்தவர்களில் ஒருவருக்கு மூளையை அரிக்கும் குருட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோய் இருந்தாலும், தொட்டி முழுவதும் கெட்டது. அந்நோயைப் பரப்பும் பிரியான் ஒரு கிருமியே அல்ல, தவறாக மடிந்த புரதம். ஆல்கஹால், ஃபார்மலின், கிருமி வடிகட்டி எதுவும் அதைத் தடுக்காது. 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் சூடாக்குதல்) செய்தாலும் போதாது. 134 டிகிரியில் 18 நிமிடம், அல்லது '1 நார்மல்' செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு (காரம்) கரைசலில் ஒரு மணி நேரம் வேண்டும். அவ்வளவு கடுமை செய்தால் ஹார்மோனும் சிதைந்துவிடும். சிறு வயதில் ஊசி போட்டவர்கள் பல ஆண்டுகள் கழித்துத் தள்ளாடி, நினைவிழந்து இறக்கத் தொடங்கினார்கள். 1985இல் அமெரிக்காவில் இந்த மருந்து நிறுத்தப்பட்டது. பிரான்ஸில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

இதில் மறக்கக் கூடாத செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1977இல் சுத்திகரிப்பு முறையை மாற்றினார்கள். நுண்துளை மணிகள் நிரப்பிய குழாயில் கரைசலை மெல்ல இறக்கி, மூலக்கூறுகளை அளவு வாரியாகப் பிரிக்கும் படியைச் சேர்த்தார்கள். பெரியவை துளைக்குள் போகாமல் முதலில் வெளியேறும், சிறியவை துளைகளில் நுழைந்து தாமதமாக வரும். ஹார்மோனின் எடை சுமார் 22,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு), பிரியான் திரளோ அதைவிட மிகப் பெரிது. அந்த மாற்றத்துக்குப் பின் சிகிச்சை தொடங்கிய அமெரிக்கர்களிடம் இந்நோய் பதிவாகவில்லை. ஒரே சுரப்பி, ஒரே ஹார்மோன். பிரித்த விதம்தான் உயிரையும் சாவையும் தீர்மானித்தது.

இன்றைய மருந்து, மனித மரபணு புகுத்திய ஈ.கோலை பாக்டீரியா போன்ற செல்களில் வளர்க்கப்படுகிறது. 191 அமினோ அமிலங்கள், நம் உடலில் சுரப்பதேதான். பிரியான் பயம் இல்லை. ஆனாலும் பாக்டீரியாவின் புரதங்களையும் அதன் சுவரிலுள்ள எண்டோடாக்சின் என்னும் நச்சுப் பொருளையும் நீக்க, மின்னூட்டம், நீர் ஒட்டாமை, அளவு ஆகியவற்றை வைத்துப் பிரிக்கும் பல குழாய்ப் படிகள் வேண்டும். "99 சதவீதம் சுத்தம்" என்பது முழுப் பதில் அல்ல. மீதி ஒரு சதவீதம் என்ன என்பதுதான் கேள்வி. எண்டோடாக்சின் என்றால் காய்ச்சல் வரும். ஹார்மோனே ஒன்றோடொன்று ஒட்டிய திரள் என்றால், உடல் அதை எதிரியாக எண்ணி எதிர்ப்புப் பொருள் உண்டாக்கலாம்.

அந்தத் திரள் தொழிற்சாலையில் மட்டும் உருவாவதில்லை, நம் வீட்டிலும் உருவாகும். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வேலூரின் சித்திரை வெயில் 40ஐத் தாண்டும். காட்பாடியில் வாங்கி, பைக் பெட்டியில் போட்டுக் குடியாத்தம் வரை போனால் உள்ளே இன்னும் சூடு. தெர்மாகோல் பெட்டியும் ஐஸ் ஜெல் பையும் எடுத்து வாருங்கள். குப்பியைத் துணியில் சுற்றி வையுங்கள், ஜெல் பையை நேராகத் தொட்டால் உறைந்துவிடும். உறைந்து உருகிய மருந்து தெளிவாகத் தெரிந்தாலும் போடக் கூடாது. ஃபிரிட்ஜில் கதவு வேண்டாம், பின்சுவரை ஒட்டியும் வேண்டாம், நடுத்தட்டில் வையுங்கள். இன்சுலினுக்குச் சிலர் செய்வதுபோல் மண்பானைத் தண்ணீரில் வைக்காதீர்கள். பானை 25 டிகிரி பக்கம்தான் இறங்கும், இதற்கு அது போதாது.

பொடி மருந்தானால், கூடவே கொடுக்கும் நீரைக் குப்பியின் சுவரோரமாக மெல்ல விடுங்கள். குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுங்கள். குலுக்கினால் நுரை வரும், நுரையில் காற்றைத் தொடும் புரதம் மடிப்பு குலைந்து திரளும். கலங்கியோ துகள் மிதந்தோ இருந்தால் போட வேண்டாம். கலக்கிய பின் எத்தனை நாள் வைக்கலாம் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பெட்டியில் உள்ள தாளைப் பார்த்து, திறந்த தேதியைக் குப்பியிலேயே எழுதிவிடுங்கள்.

மிக ஆபத்தான குழப்பம் அளவில்தான். 1 மில்லிகிராம் என்பது 3 யூனிட். ஹார்மோன் குறைபாட்டுக்கு வழக்கமாகக் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.025 முதல் 0.035 மில்லிகிராம். 20 கிலோ குழந்தைக்கு 0.5 முதல் 0.7 மில்லிகிராம், அதாவது 1.5 முதல் 2.1 யூனிட். சீட்டில் மில்லிகிராமும் குப்பியில் யூனிட்டும் இருந்தால் மூன்று மடங்கு தவறு நேரும். சீட்டு எழுதும்போதே இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். இன்சுலின் சிரிஞ்சில் இருக்கும் கோடுகள் இந்த யூனிட்டுக்கு உரியவை அல்ல. எத்தனை மில்லிலிட்டர் இழுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜிம்மில் கைமாறும் குப்பிகளைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே இருப்பது ஹார்மோனா, எந்தக் குளிரில் வந்தது, மீதி என்ன கலந்திருக்கிறது, யாருக்கும் தெரியாது. அதைப் போடும் பையன்களை நினைத்தால் மனம் பதறுகிறது. எலும்பின் வளர்ச்சித் தட்டு மூடிய பிறகு இது உயரத்தைக் கூட்டாது. உயரத்துக்கென்று விற்கும் ஹார்மோன் பொடியும் பயனற்றது, புரதத்தை வயிறு செரித்துவிடும்.

ஊசி இரவில், தொடை அல்லது வயிற்றின் தோலடியில், தினமும் இடம் மாற்றிப் போட வேண்டும். ஒரே இடத்தில் போட்டால் கொழுப்பு கரைந்து குழி விழும். பிள்ளைக்குத் தொடர்ந்து தலைவலியும் வாந்தியும் வந்தாலோ, பார்வை மங்கினாலோ, இடுப்பு அல்லது முழங்கால் வலித்து நொண்டினாலோ அன்றைய ஊசியைப் போடாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.