கறிவேப்பிலைக்கு மணம் எங்கிருந்து வருகிறது?

பார்வைக்கு வேம்பு மாதிரி இருந்தாலும் கறிவேப்பிலைக்கு நெருங்கிய சொந்தம் எலுமிச்சையும் நாரத்தையும்தான். மூன்றும் ரூட்டேசி குடும்பம். ஓர் இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஊசி குத்தியது போல ஒளி கசியும் புள்ளிகள் தெரியும். எலுமிச்சை இலையிலும் இதே புள்ளிகள் உண்டு. எலுமிச்சையைத் தின்னும் பட்டாம்பூச்சிப் புழு கறிவேப்பிலைக் கன்றையும் மொட்டையடித்துவிட்டுப் போவது இந்த உறவால்தான். எலுமிச்சை வகைகளுக்குப் பச்சையாதல் நோயை (காய் சரியாகப் பழுக்காமல் மரமே நலிந்துபோகும் நோய்) பரப்பும் சிறு பூச்சியும் இதில் வளரும். அதனால்தான் அமெரிக்காவுக்குப் பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோவதில் அத்தனை கெடுபிடி.

தாவரவியலில் இதன் பெயர் முர்ராயா கோனிகி. தரங்கம்பாடி டேனிஷ் மிஷனுக்கு மருத்துவராக வந்த கோனிக், செடிகளுக்கு இரட்டைப் பெயர் சூட்டும் முறையை நிலைநாட்டிய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸின் மாணவர். 1771இல் லின்னேயஸ் இந்தச் செடிக்குத் தன் மாணவரின் பெயரையே சூட்டினார்.

சரி, மணத்துக்கு வருவோம். அந்தப் புள்ளிகள் எண்ணெய்ச் சுரப்பிகள். பைனீன், லினலூல் போன்ற எளிதில் ஆவியாகும் பொருள்கள் உள்ளே இருக்கின்றன. ஆனால் இவை வேறு பல செடிகளிலும் உண்டு. கறிவேப்பிலைக்கே உரிய வாசனையில் 1-ஃபினைல்ஈத்தேன்தயால் என்ற கந்தகச் சேர்மத்துக்குப் பெரிய பங்கு இருப்பதை 2015இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. மிகக் குறைந்த அளவிலேயே மூக்குக்கு எட்டிவிடும் சங்கதி அது.

இந்தப் பொருள்கள் தண்ணீரைவிட எண்ணெயில் நன்றாகக் கரையும். தாளிக்கும்போது இலையிலுள்ள ஈரம் சட்டென்று ஆவியாகிப் படபடக்கிறது, சுரப்பிகள் உடைகின்றன, மணம் எண்ணெயில் இறங்கிக் குழம்பு முழுக்கப் பரவுகிறது. வெயிலில் காய வைத்தாலோ பெரும்பகுதி காற்றோடு போய்விடும். கடையில் விற்கும் காய்ந்த இலை வெறும் சருகுதான்.

மருந்துக் குணம்? மஹானிம்பின், கிரினிம்பின் முதலான கார்பசோல் அல்கலாய்டுகள் (செடிகள் உண்டாக்கும் நைட்ரஜன் சேர்மங்களில் ஒரு வகை) இலையில் இருக்கின்றன. செறிவான சாறு கொடுத்த எலிகளுக்குச் சர்க்கரையும் கொழுப்பும் குறைந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. ரசத்தில் மிதக்கும் நாலு இலையிலிருந்து அதே பலனை எதிர்பார்க்க முடியாது. நரை கறுக்கும் என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. சந்தேகமில்லாத லாபம், உடல் வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டின். உடலில் சேர அதற்கும் கொஞ்சம் எண்ணெய் வேண்டும். அந்த வகையில் துவையலும் பொடியும் தாளிப்பைவிட மேல். பொடியில் மணம் பாதி போயிருக்கும், ஆனால் இலை தட்டோரம் ஒதுங்காமல் வயிற்றுக்குள் போகும்.