கொல்லைக் கரப்பானும் அடுப்படிக் கரப்பானும்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கமிருந்து "கரப்பான் பறந்து வருது, உடனே வந்து மருந்தடிங்க" என்று போன் வரத் தொடங்கிவிடும். பூச்சிக்கட்டுப்பாடுதான் என் தொழில். பெரியதா, சின்னதா என்றுதான் முதலில் கேட்பேன்.

பறந்து வருவது செம்பழுப்பு நிறப் பெரிய கரப்பான். சாக்கடை, செப்டிக் டேங்க், ஈரச் சருகு இதெல்லாம்தான் அதன் இருப்பிடம். மழைத் தண்ணீர் அங்கே ஏறும்போது ஒதுங்க இடம் தேடி உள்ளே வருகிறது. அதற்காக வீடு முழுக்க மருந்தடிப்பது வீண். குளியலறைத் தண்ணீர் போகும் துளைக்குச் சல்லடை, செப்டிக் டேங்க் காற்றுக்குழாய்க்கு வலை, கொல்லைக் கதவின் அடி இடுக்கை அடைப்பது, இவையே போதும்.

உலகில் 4,500க்கும் மேற்பட்ட கரப்பான் இனங்கள் உண்டு. மனிதர் வீட்டை ஒட்டி வாழ்பவை சுமார் 30தான். மற்றவை காட்டிலும் தோப்பிலும் சருகையும் உளுத்த மரத்தையும் தின்று மண்ணுக்குச் சத்தாகத் திருப்பித் தருகின்றன. நம் கொல்லையில் வாழைச்சருகுக்கு அடியில் கிடப்பதும் அந்த வேலையைத்தான் பார்க்கிறது. தேரை, மூஞ்சூறு, பூரான், செண்பகம் என்று அதைத் தின்று பிழைப்பவையும் நிறைய.

ஜன்னல் கண்ணாடியில் சின்னக் கறுப்புக் குளவி ஒன்று வயிற்றை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கொட்டாது, அடிக்காதீர்கள். பெரிய கரப்பான் இடுக்கில் ஒட்டிவிட்டுப் போகும் முட்டைப்பைக்குள் அது தன் முட்டையை இடும். அதிலிருந்து வரும் புழு, பையில் இருக்கும் பதினைந்து சொச்சம் முட்டைகளையும் தின்றுவிடும். கண்மண் தெரியாமல் மருந்தடித்தால் இந்தக் குளவியும் சேர்ந்து சாகிறதே என்பதுதான் எனக்கு வருத்தம்.

சின்னக் கரப்பான் விஷயத்தில் மட்டும் நான் இரக்கம் பார்ப்பதில்லை. ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும், தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடு. ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரை விலக்கிப் பாருங்கள், மிளகுத்தூள் சிந்தியதுபோல் எச்சம் கிடக்கும். அந்த வாடையே மற்ற கரப்பான்களையும் அங்கே கூட்டும். எச்சமும் உரித்த தோலும் தூசியோடு கலந்து குழந்தைகளுக்கு ஆஸ்துமாவைத் தூண்டும். இதன் தாய் 30, 40 முட்டை கொண்ட பையைப் பொரியும்வரை சுமந்தே திரியும்.

ஸ்பிரே அடித்தால் இவை சுவிட்சுப் பெட்டிக்கும் அடுத்த அறைக்கும் சிதறிப்போகும். ஜெல் மருந்தை அரிசி அளவு அங்கங்கே பொட்டு வையுங்கள். அதன்மேல் ஸ்பிரே படக்கூடாது. தின்றது பதுங்குமிடத்துக்குப் போய்ச் சாகும். அதன் எச்சத்தைத் தின்று மற்றவையும் சாகும். அப்புறம், இரவு சிங்க்கை ஈரமில்லாமல் துடைத்துவிட்டுப் படுங்கள். மளிகை வந்த அட்டைப்பெட்டியை வாசலிலேயே பிரித்துவிட்டுச் சாமானை மட்டும் உள்ளே கொண்டுபோங்கள். பெரும்பாலும் இது அதில் ஏறித்தான் வீட்டுக்குள் வருகிறது.