எம்பி என்றால் பிட்டா, பைட்டா? சேமிப்பகக் கையேடு எழுதுவோருக்கு

1 டெராபைட் டிஸ்க்கை விண்டோஸில் மாட்டினால் 931 ஜிபி என்று காட்டும். மீதி எங்கும் போய்விடவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கில் எண்ணி 1 000 000 000 000 பைட் கொடுத்திருக்கிறார். விண்டோஸ் அதை 1024-ஆல் மூன்று முறை வகுத்துவிட்டு, ஆயிரக் கணக்குக்கு உரிய ஜிபியையே பக்கத்தில் போடுகிறது. மேக் 2009-இல் வந்த 10.6 பதிப்பிலேயே ஆயிரத்துக்கு மாறிவிட்டது. லினக்ஸில் டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் (df) கட்டளைக்குச் சின்ன எச் (-h) கொடுத்தால் 1024, பெரிய எச் (-H) கொடுத்தால் 1000. இரண்டு கணக்குக்கும் உள்ள இடைவெளி கிலோவில் 2.4 சதவீதம்தான், டெராவில் ஏறக்குறைய 10 சதவீதம்.

பழைய 1.44 எம்பி ஃபிளாப்பி இன்னும் வேடிக்கை. 1.44 × 1000 × 1024 பைட், அதாவது ஆயிரமும் 1024-ம் கலந்த கணக்கு.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, 1024 மடங்குகளுக்குத் தனிப் பெயர்களை (kibibyte, gibibyte போன்றவை) சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-இல் ஏற்றது. தமிழில் அவையும் கைகொடுப்பதில்லை. 'கிபிபைட்' என்று எழுதினால் அது கிலோவின் இணையா (kibi), ஜிகாவின் இணையா (gibi) என்று தெரியாது. 'ஜிபிபைட்' என்றால் ஜிபி என்றே வாசிப்பார்கள். கையேட்டில் அலகுக் குறியீட்டை ரோமன் எழுத்திலேயே விட்டு, முதலில் வரும் இடத்தில் மொத்த பைட் எண்ணிக்கையையும் போடுங்கள்.

பிட்டும் பைட்டும் இதைவிட ஆபத்து. எட்டு பிட் சேர்ந்ததுதான் ஒரு பைட். ரோமனில் சின்ன பி பிட், பெரிய பி பைட். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்பதே கிடையாது. 'எம்பி' எதுவாகவும் இருக்கலாம், நாடாளுமன்ற உறுப்பினர் உட்பட. 500 ஜிகாபைட் காப்புப் பிரதியை நொடிக்கு 1 ஜிகாபிட் இணைப்பில் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு 125 மெகாபைட் வீதம் 4000 நொடி, சுமார் 67 நிமிடம். பிட்டைப் பைட்டாக வாசித்தவர் 500 நொடி என்று எழுதி, பராமரிப்புக்குப் பத்து நிமிடம் மட்டும் ஒதுக்குவார். நெட்வொர்க் நெறிமுறைகளின் கூடுதல் சுமை இதில் சேரவே இல்லை. மெகாபிட், மெகாபைட் என்று முழுதாக எழுத ஓர் எழுத்துதான் கூடும்.

எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே இடைவெளி வேண்டும். அது வரி உடையாத இடைவெளியாக இருக்கட்டும். இல்லாவிட்டால் 500 ஒரு வரியின் கடைசியிலும் அலகு அடுத்த வரியிலும் போய் நிற்கும். பெரிய எண்களை மும்மூன்று இலக்கமாக மெல்லிய இடைவெளியால் பிரியுங்கள். காற்புள்ளி சில நாடுகளில் தசமப் புள்ளி.

கட்டளைகளை வேர்டில் தட்டச்சு செய்தால் அடுத்தடுத்த இரண்டு சிறுகோடுகள் ஒரே நீளக்கோடாகும், நேர் மேற்கோள் வளைந்துவிடும். டெர்மினல் இரண்டையும் ஏற்காது. தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட்டு, கட்டளைக்குச் சம அகல எழுத்துரு வையுங்கள். வெளியிடும் முன் முடிந்த பிடிஎஃப்பிலிருந்து ஒவ்வொரு கட்டளையையும் நகலெடுத்துச் சோதனைக் கணினியில் ஓட்டிப் பாருங்கள். டிஸ்க்கை அழிக்கும் கட்டளை என்றால் காலி டிஸ்க்கில்.