புல்லுக்கு அடியில் கிடக்கும் குழாயை எப்போது மாற்றுவது?

திருகோணமலையில் ஆண்டொன்றுக்குச் சராசரியாகப் பெய்யும் ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் தொடங்கி ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மே மாதம் பிறந்து கச்சான் வீசத் தொடங்கினால், சீனக்குடாவில் விமானப்படை நடத்தும் கோல்ஃப் திடலைப் போன்ற பெரும் புல்வெளி எதுவும் மண்ணுக்கு அடியில் கிடக்கும் குழாய்களை நம்பித்தான் பச்சையாக இருக்க முடியும். அந்தத் தூவல் நீர்ப்பாசனத் தொகுதியை முழுமையாகத் தோண்டி மாற்றுவது ஒரு திடலின் மிகப் பெரிய செலவுகளுள் ஒன்று. இங்கே சொல்லப்போவது குறிப்பிட்ட எந்தத் திடலின் குறையையும் பற்றியதல்ல. எங்கும் பொருந்தும் பொறிமுறையைப் பற்றியது.

முதலில் எல்லோரும் கேட்பது தொகுதியின் வயதை. அழுத்தத்தில் இயங்கும் பிவிசி குழாய் 10 முதல் 30 ஆண்டுகளும், நீரிறைக்கும் நிலையம் 15 முதல் 20 ஆண்டுகளும், கட்டுப்பாட்டுக் கருவிகள் 10 முதல் 15 ஆண்டுகளும் உழைக்கும் என்பது இத்துறையில் வழங்கும் பொதுக் கணக்கு. ஆனால் 10க்கும் 30க்கும் இடையில் ஒரு பிள்ளை பிறந்து உயர்தரப் பரீட்சையே எழுதிவிடும். இவ்வளவு அகலமான கணக்கை வைத்துக்கொண்டு எவரும் நிலத்தைத் தோண்ட முடியாது. தொகுதியைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

மிக எளிய சோதனைக்கு வெறும் ரின்கள் போதும். வாய் அகலம் ஒன்றாக உள்ள 16 மீன் ரின்களை, அயலிலுள்ள தூவிகளுக்கு (நீரைச் சுற்றித் தூவும் ஸ்பிரிங்க்ளர்களுக்கு) இடையில், சம இடைவெளியில் நான்கு வரிசையாக வைத்து, காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில் 20 நிமிடம் நீரைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு ரின்னிலும் நின்ற நீரின் உயரத்தை அளக்க வேண்டும். மொத்தச் சராசரி 10 மில்லிமீற்றர் என்றும், மிகக் குறைவாக நிரம்பிய நான்கு ரின்களின் சராசரி 5.5 மில்லிமீற்றர் என்றும் வைத்துக்கொள்வோம். பின்னதை முன்னதால் வகுத்தால் கிடைக்கும் 55 சதவீதமே அந்த இடத்தின் சீர்மை, அதாவது நீர் எவ்வளவு சமமாகப் பரவுகிறது என்பதன் அளவு.

வரண்ட கால் பங்கை மட்டும் ஏன் எடுக்கிறோம் என்றால், பராமரிப்பாளரின் கண் அங்கேதான் போகும். புல் பழுத்த இடத்தைக் கண்டதும் அவர் நீர் விடும் நேரத்தை நீட்டுவார். அதற்காக மற்ற முக்கால் பங்கு நிலமும் தேவைக்கு மேல் குடிக்கும். ஒரு நாளில் புல் இழக்கும் 5 மில்லிமீற்றர் நீரை ஈடுசெய்ய, சீர்மை 80 சதவீதமான தொகுதி 6.25 மில்லிமீற்றர் தூவினால் போதும். 55 சதவீதமான தொகுதி 9.1 மில்லிமீற்றர் தூவ வேண்டும். ஒரு ஹெக்டயரில் 1 மில்லிமீற்றர் என்பது 10,000 லீற்றர் ஆதலால், 10 ஹெக்டயர் திடலில் இந்த வேறுபாடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 284,000 லீற்றர், அதாவது 10,000 லீற்றர் கொள்ளும் பவுசரில் 28 தடவை நிரப்பும் நீர். குடிநீர்ப் பவுசரை எதிர்பார்த்துக் குடங்களோடு காத்திருந்த எவருக்கும் இந்த எண்ணின் கனம் விளங்கும்.

இருந்தாலும், சீர்மை குறைந்துவிட்டது என்பதற்காகக் குழாயைக் குற்றஞ்சாட்டிவிட முடியாது. நீரில் வரும் மணல் தூவியின் முனையை மெல்ல அரிக்கும். துளையின் விட்டம் 10 சதவீதம் கூடினாலே அதன் பரப்பு 21 சதவீதம் கூடி, அந்தத் தூவி அதிக நீரை விழுங்கி, அதே குழாயில் அடுத்திருப்பவற்றின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். அழுத்தம் குறைந்தால் துளிகள் பெருத்து, நீர் உளுந்து வடையைப் போல் வளையமாக விழும். நடுவில் புல் காயும். அழுத்தம் மிகுந்தாலோ துளிகள் பனிப்புகையாகி, நீரில் ஒரு பங்கைக் கச்சான் கொண்டுபோய்விடும். முனைகளைப் புதிதாக்கி, சாய்ந்தும் புதைந்தும் போன தூவிகளை நிமிர்த்தி, மறுபடியும் ரின்களை வைத்துப் பார்க்க வேண்டும். சீர்மை 75 சதவீதத்தை எட்டிவிட்டால் குழாய் இன்னும் சில காலம் மண்ணிலேயே கிடக்கலாம். நிலாவெளியில் தூவல் முறையில் வெங்காயத்துக்கு நீர் விடுபவரும் இதே சோதனையைச் செய்து பார்க்கலாம்.

குழாயின் நிலையை அறிய வேறு சோதனை வேண்டும். எல்லா வால்வுகளையும் மூடிவிட்டு இரவு முழுவதும் அழுத்தமானியைக் கவனித்தால், முள் இறங்கும் வேகம் கசிவைக் காட்டிக்கொடுக்கும். பிவிசி குழாய் வயதானதால் மட்டும் உடைவதில்லை; அடி வாங்கி வாங்கியே உடைகிறது. நொடிக்கு 1.5 மீற்றர் வேகத்தில் ஓடும் நீரை ஒரு வால்வு சடுதியாக மறித்தால், எழும் அழுத்த அலை நொடிக்கு ஏறத்தாழ 400 மீற்றர் வேகத்தில் திரும்பி ஓடி, வழமையான அழுத்தத்துக்கு மேல் இன்னும் 6 பார் (bar என்னும் அழுத்த அலகு) அளவை ஏற்றிவிடும். பொறியியலாளர்கள் இதற்குச் சம்மட்டியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். வால்வுகளை மெதுவாக மூடினால் அடி மெலிதாகும், ஆனாலும் இரவுக்குப் பல தடவை, ஆண்டுக்கணக்காக விழும் அடியில் இணைப்புகளில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றி வளரும்.

ஆகவே, ஒவ்வொரு உடைப்பையும் திகதியோடு குறித்துவைத்த திடல் வரைபடம் ஒன்று இருந்தால், அதை விற்பனையாளர் எவரின் அறிவுரைக்கும் மேலாக மதிப்பேன். புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தால் அவை மண்வெட்டியின் வேலையாகவும் இருக்கலாம். ஒரே குழாய் வரியில் புள்ளிகள் நெருங்கி, உடைப்புகளுக்கு இடைப்பட்ட காலமும் ஆறு மாதம், மூன்று மாதம், ஐந்து வாரம் என்று சுருங்கிவந்தால், அந்த வரி களைத்துவிட்டது. ஓரிடத்தின் உடைப்பை ஒட்டிச் சரிசெய்துவிட்டு நீரைத் திறக்க, உள்ளே அடைபட்ட காற்றின் உதைப்பில் அடுத்த பலவீனமான இடம் வெடிக்கும்.

பணக் கணக்கு இதைவிடச் சுருக்கமானது. பழைய தொகுதியின் அடுத்த ஆண்டுப் பழுது, வீண் நீர், கூலி ஆகியவற்றின் கூட்டுத்தொகை, புதிய தொகுதியின் சராசரி ஆண்டுச் செலவைத் தாண்டும் ஆண்டே மாற்றும் ஆண்டு. உப்புக் காற்றில் அரித்த கம்பிகளையும் உதிரிப்பாகம் கிடைக்காத கட்டுப்பாட்டுப் பெட்டிகளையும் இந்தக் கணக்கோடு கலக்கக் கூடாது. பெரும்பாலும் அவற்றைப் பிரதான குழாயைத் தொடாமலே மாற்றிவிடலாம். சில வேளைகளில் பணத்துக்கு முன் நேரம் முந்திக்கொள்ளும்: ஓர் இரவில் 6 மணி நேரம் ஓட வேண்டிய பம்பு, சீர்மை கெட்டதால் ஏறத்தாழ 9 மணி நேரம் ஓடினால், விடிந்து காற்று எழும்பிய பின்னும் நீர் தூவிக்கொண்டிருக்கும்.

மாற்றுவதென்று முடிவானால், பொலித்தீன் குழாய்களை உருக்கி இணைப்பது இன்று பரவலான வழி. பசையால் ஒட்டிய மூட்டுகள் அதில் இல்லை. தோண்டுவதற்கு மாரி உகந்ததல்ல, அகழிகள் குளமாகிவிடும். பெப்ரவரியில் மழை ஓய்ந்ததும் தொடங்கி, இரண்டு மூன்று கோல்ஃப் குழிகளுக்குரிய ஆட்ட நிலத்தை மட்டும் ஒரு தடவையில் திறந்து, மற்றப் பகுதிக்குப் பழைய குழாயிலேயே நீர் விட்டுக்கொண்டு நகரலாம். வெப்ப நாட்டுத் திடல்களில் பெரும்பாலும் விரிப்பது, பிள்ளையாருக்குச் சாத்தும் நம் அறுகின் இனம். நீர் கிடைத்தால் அதன் ஓடுதண்டுகள் அகழித் தழும்பைச் சில வாரங்களில் மூடிவிடும். கடைசி வரியின் அழுத்தச் சோதனை மட்டும் ஏப்ரல் முடிவதற்குள் நடந்திருக்க வேண்டும்.