காசால்ஜியா: காந்தல்வலி

குண்டு துளைத்த புண் ஆறித் தழும்பாகிய பின்னரும், கையிலோ காலிலோ நெருப்பை வைத்தாற்போல எரியும் வலி சில போர்வீரர்களை விடுவதில்லை. பெரிய நரம்பொன்று முழுதும் அறுபடாமல் பகுதியளவு சிதைந்தவர்களிடமே இது பெரும்பாலும் காணப்படுகிறது. இவ்வலியை மருத்துவ நூல்கள் காசால்ஜியா என்கின்றன.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, நரம்புக் காயமுற்ற வீரர்களுக்கென்றே பிலடெல்ஃபியாவில் டர்னர்ஸ் லேன் மருத்துவமனை நடத்தப்பட்டது. அங்கே பணியாற்றிய மருத்துவர் சைலஸ் வெயர் மிட்செல், தம் துணைவர்களான மோர்ஹவுஸ், கீன் ஆகியோருடன் சேர்ந்து 1864இல் வெளியிட்ட நூலில் இந்த எரிவை விவரித்தார். உள்ளங்கையையும் புறங்காலையும் அது விரும்பிப் பற்றியது. தோல் சிவந்து மினுமினுத்தது. செய்தித்தாளின் சரசரப்பும், பக்கத்தில் ஒருவர் நடக்கும் அதிர்வும்கூட வலியைக் கிளப்பின. நீர்ப்புட்டியும் பஞ்சும் கையோடு வைத்துக்கொண்டு, எரியும் இடத்தை ஓயாமல் நனைத்தபடியே வீரர்கள் நாளைக் கழித்தனர். பெயர் மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. வெப்பத்தைக் குறிக்கும் ‘காவ்சோஸ்’, வலியைக் குறிக்கும் ‘ஆல்கோஸ்’ என்ற இரு கிரேக்கச் சொற்களை இணைத்து, 1867இல் மிட்செல் அதை வழங்கினார்.

தமிழில் இதனை ‘நரம்புவலி’ என்று எழுதிவிடுவது போதாது. யாழின் தந்தியையும் நரம்பு என்றே பழந்தமிழ் சொன்னது. இன்றும் ஊசி போட ‘நரம்பு கிடைக்கவில்லை’ என்னும்போது நாம் சொல்வது இரத்தக் குழாயைத்தான். ‘எரிச்சல்’ பொருந்தும், ஆனால் சினத்துக்கும் பொறாமைக்கும் அது பழகிப்போயிற்று. நான் பரிந்துரைப்பது ‘காந்தல்’. மிளகாய் அரைத்த கை காந்துகிறது என்கிறோம். அடிபிடித்துக் கருகிய சோறும் காந்தல்தான். மேலே சுடர் தெரியாமல் உள்ளே கனன்றுகொண்டிருக்கும் வெம்மையை இச்சொல் தன்னுள் வைத்திருக்கிறது. ஆகவே காசால்ஜியா என்பதற்குக் ‘காந்தல்வலி’ என்பது நேர்ச்சொல். 1994இல் பன்னாட்டு வலி ஆய்வுக் கழகம் இந்நோயைச் ‘சிக்கலான வட்டார வலி நோய்க்குறி, இரண்டாம் வகை’ என்று மறுபெயரிட்டது. வகைப்படுத்தலுக்கு அது உதவும், ஆனால் நோயாளி படும் எரிவு அப்பெயரில் எங்கும் இல்லை.

சிகிச்சையைப் பற்றிய சொல்லிலும் இதே கவனம் வேண்டும். அறுத்துத் திறக்காமல் ஊசித் துளை வழியே செய்பவற்றைக் ‘குறைந்தபட்ச ஊடுருவல்’ சிகிச்சை என்று பெயர்ப்பது வழக்கமாகி வருகிறது. ஆங்கிலத்தில் இதைக் குறிக்கும் ‘இன்வேசிவ்’ என்பதன் இலத்தீன் மூலத்துக்கு ‘உள்ளே புகுதல்’ என்பது நேர்ப்பொருள். ஊடுருவல் என்பதோ நமக்கு எல்லை தாண்டி வரும் பகைவனின் செயல். போரில் காயம்பட்டவரிடம் சொல்ல அது தகாத சொல். வயிற்று அறுவைக்கு ஏற்கெனவே வழங்கும் ‘நுண்துளை’ என்பதை இங்கும் ஆளலாம்.

1916இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ரெனே லெரிஷ், கையின் தமனியைச் சுற்றியிருந்த பரிவு நரம்பிழைகளை (இரத்தக் குழாய்ச் சுருக்கம், வியர்வை போன்றவற்றை நம் விருப்பின்றித் தாமே இயக்கும் நரம்புகளை) அகற்றிக் காந்தலைத் தணிக்க முயன்றார். இன்று அதே பரிவு நரம்புகளை அறுக்காமலே அடக்க முடிகிறது. கை காந்தினால் கழுத்தின் அடியிலுள்ள விண்மீன் நரம்புமுடிச்சின் அருகிலும், கால் காந்தினால் இடுப்பு முள்ளெலும்பின் முன்புறத்திலும், மீயொலிப் படத்தையோ ஊடுகதிர்ப் படத்தையோ பார்த்தபடி மரப்பு மருந்தைச் செலுத்துகிறார்கள். ‘உறைகுளிர்த் தடை’ என்பது ஊசிமுனையில் கடுங்குளிரை உண்டாக்கி நரம்பிழைகளைச் செயலிழக்கச் செய்வது. நரம்பின் உறை சிதையாமல் இருப்பதால் இழைகள் மெல்ல மீண்டும் வளர்ந்துவிடும். வானொலி அலை அதிர்வெண் கொண்ட மின்னோட்டத்தை ஊசிமுனை வழியே விட்டுவிட்டுப் பாய்ச்சும் ‘வானொலி அலைத் துடிப்பு’ முறையில், நரம்பு வெந்துவிடாதபடி முனையின் வெப்பத்தைப் பொதுவாக 42 பாகை செல்சியசுக்கு மேல் போகவிடுவதில்லை. ஏற்கெனவே சிதைந்த நரம்பை முற்றிலும் சுட்டழித்தால் அதுவே புதிய வலிக்கு வித்தாகக்கூடும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு இன்றியமையாதது.

வலிச் செய்திகளைத் தண்டுவடத்தில் ஒரு வாயில் ஏற்கவோ தடுக்கவோ செய்கிறது என்று ரொனால்டு மெல்சாக், பாட்ரிக் வால் என்னும் வலி ஆய்வாளர்கள் 1965இல் முன்வைத்த கொள்கையிலிருந்து வந்தது, தண்டுவடத்தை மின்துடிப்பால் தூண்டும் ‘தண்டுவடத் தூண்டல்’. 1967இல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் நார்மன் ஷீலி அதை முதன்முதலில் மனிதரிடம் செய்தார். இப்போது மெல்லிய மின்கம்பியை ஊசி வழியே தண்டுவட உறைக்கு வெளியே நிறுத்திச் சில நாள் சோதித்துப் பார்த்து, வலி போதிய அளவு குறைந்தால் மட்டுமே மின்துடிப்புக் கருவியைத் தோலுக்கடியில் பதிக்கிறார்கள்.

இவற்றுள் எதுவும் காந்தலை எல்லோரிடமும் வேரோடு எடுத்துவிடுவதில்லை. பலருக்கு உறங்கவும், கையைத் தொடவிடவும், உடற்பயிற்சி தொடங்கவும் போதுமான ஆறுதலைத் தருகின்றன. அதனால் நோயாளிக்குத் தரும் குறிப்பேட்டில் ‘வலி நீக்கம்’ என்று எழுதாமல், ‘நுண்துளைக் காந்தல் தணிப்பு’ என்று எழுதுவதே சரி.