பல்லேடியம் கசியாது

தஞ்சாவூரில் ஒரு கல்லூரிக் கருத்தரங்கு. திரையில் 'தாங்கி வினையூக்கியில் பல்லேடியக் கசிவு' என்று போட்டிருந்தார்கள். கரித்தூள் போன்ற ஒரு தாங்கியின்மேல் படியவைத்து வினையை முடுக்கப் பயன்படுத்தும் பல்லேடியம் என்ற உலோகம், கரைசலுக்குள் போய்விடுவதைத்தான் சொல்கிறார்கள். இரண்டாம் வரிசையில் ஒரு பையன் எழுந்து, "குடுவையில எந்த இடத்துல சார் ஓட்டை?" என்றான். அரங்கமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தமிழ் தெரிந்த பிள்ளை, சரியாகத்தான் கேட்டான்.

லீச்சிங், அதாவது திடப்பொருளில் இருப்பது திரவத்தில் கரைந்து வெளியேறுவது. அதற்கு இந்தக் 'கசிவை' எத்தனை இடத்தில்தான் பார்ப்பது? லீச், பழைய ஆங்கிலத்தில் நீர்பாய்ச்சுவதையும் நனைப்பதையும் குறித்த லெக்கன் என்ற வினையின் வழி வந்தது. லீக் அதற்கு ஒன்றுவிட்ட உறவு. (ரத்தம் குடிக்கும் அட்டைக்கு இதில் பங்கில்லை, அந்த லீச்சின் எழுத்தே வேறு.) உறவைக் காட்டி இரண்டையும் கசிவு என்றால், சித்தப்பா மகனையும் சொந்தத் தம்பியையும் ஒரே பெயர் சொல்லிக் கூப்பிட்ட கதைதான்.

கசிவது எது? உள்ளே இருப்பது உருமாறாமல் விரிசல் வழியே வெளியே வருவது. பானை கசியும், கேஸ் கசியும், மதகு கசியும். பல்லேடியத்தின் கதை அப்படியில்லை. கரித்தூள்மேல் படியவைத்த உலோகத்தை, கரிம மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இணைக்கும் சுசுகி, ஹெக் வினைகளில் (2010 நோபல் பரிசு பெற்றவை) போடுகிறோம். இணைக்க வேண்டிய மூலக்கூறுகளில் ஒன்றான அரைல் ஹாலைடு வந்து மேற்பரப்பு அணுவோடு வினைபுரிகிறது. பூச்சிய ஆக்சிஜனேற்ற நிலையில் இருந்த பல்லேடியம் +2 நிலைக்கு மாறிக் கரைசலுக்குள் போய்விடுகிறது. பல வினைகளில் உண்மையாக வேலை செய்வதே இப்படிக் கரைந்த துளிதான். ஹாலைடு தீர்ந்ததும் அதில் பெரும்பகுதி திரும்பக் கரிமேல் வந்து படிந்துகொள்ளும். ஆறிய பிறகு வடிகட்டிவிட்டு 'உலோகமே இல்லை' என்று சொல்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். சூடாக, வினை பாதியில் இருக்கும்போதே வடிகட்டி, வடிந்த கரைசலைத் தனியாக மேலும் சூடாக்கிப் பார்க்க வேண்டும். அதிலும் வினை ஓடினால் குட்டு உடைந்தது. இந்த வினைகளை வைத்து மருந்தும் செய்கிறார்கள்; மாத்திரையில் ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் பல்லேடியம் கூடாது என்று சர்வதேச நெறிமுறை இருப்பதால், இது ஆய்வகத்தோடு முடிகிற வம்பும் இல்லை.

கசிந்த தண்ணீர் தானாகப் பானைக்குத் திரும்புமா?

'வேதிக்கழுவுதல்' என்பவர்கள் இருக்கிறார்கள். தங்கத் தாதுவை சயனைடு கரைசலில் கரைத்தெடுப்பதற்கு அது பொருந்தும். அங்கே வேண்டுமென்று கழுவுகிறோம். இங்கே யாரும் கழுவவில்லை, உலோகம் தானாகப் போகிறது.

சரியான சொல் நம் அடுக்களையிலேயே இருக்கிறது. கும்பகோணத்தில் காலையில் எந்த வீட்டிலும் கேட்கலாம்: "டிகாக்‌ஷன் இறங்கிடுச்சா?" வெந்நீர் தூளுக்குள் புகுந்து, கரைவதை மட்டும் கூட்டிக்கொண்டு கீழே வருகிறது, சக்கை மேலேயே நிற்கிறது. புதுச்சேலையை ஊறவைத்தால் சாயம் இறங்குகிறது. ஈயம் தேய்ந்த பித்தளைப் பாத்திரத்தில் புளிரசம் வைத்தால் களிம்பு இறங்குகிறது. இதுவும் உலோகம்தான், நாக்கே சொல்லிவிடும். மணல்பாங்கான வயலில் யூரியா போட்ட மறுநாள் கனமழை என்றால் "சத்தெல்லாம் தண்ணியோட இறங்கிப் போச்சு" என்பார் விவசாயி. அவரிடம் கொடுக்கிற துண்டறிக்கையில் 'தழைச்சத்துக் கசிவு' என்று அச்சடிக்கிறார்கள்! அகராதியில் முதல் பொருளைப் பிடுங்கி ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர் ஒரு தடவை வரப்பில் நின்றிருந்தால் இது நடந்திருக்காது.

ஆகவே 'கரைந்திறங்கல்'. பல்லேடியத்தைத் தமிழாக்கும் பிடிவாதம் எனக்கில்லை, அது அப்படியே இருக்கட்டும். இறங்கலுக்கு இன்னொரு வசதியும் உண்டு: இறங்கியது ஏறும். கரிமேல் திரும்பப் படிவதை 'மீளேறல்' என்றுவிடலாம். கசிவுக்கு எதிர்ச்சொல் என்னவென்று கருத்தரங்கு முடிந்ததும் அந்தப் பேச்சாளரிடம் கேட்டேன். காபி குடிக்கலாம் வாங்க சார் என்றார்.